பூங்காவனத்துக்கு ஒரு பி.பி. கால்

கீழ்நொச்சிப்பட்டுக்கு டெலிபோன் வந்த அன்று ஊரே திரண்டு வந்து அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது. தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. யாரைக் கூப்பிடுவது? அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த ஊரிலேயே இருந்தார்கள். வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடப் போகிறார்கள்.

எண்பதாம் வருஷம் அது. குக்கிராமத்துக்கும் டெலிபோன் போக வேண்டும், அதில் வருகிற நஷ்டத்தை அரசாங்கமே மானியமாகத் தாங்கும் என்று ஒரு திட்டம். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே காட்டோரம் வரைக்கும் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கிளைத் தபால் ஆபீஸ் நடத்திய அருணகிரியின் வீட்டு முன்னறையில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அதன் கைப்பிடியைச் சுற்றினால் திருவண்ணாமலை எக்ஸ்சேஞ்சு போர்டில் அந்த ஊருக்கான ஷட்டர் என்கிற சின்னத் தகடு டப்பென்று விழும். விழுந்ததும் ஒயரைச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்கிற ஆபரேட்டர் பெரும்பாலும் அருணகிரியின் தங்கை வேதாவாக இருப்பாள்.

வேதா எஸ்.எஸ்.எல்.சி. தேறி வேலைக்கு வந்தவள். ஒத்தவாடைத் தெருவில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தாள். கல்யாணப் பேச்சு வந்து வந்து போய், ஒரு கட்டத்தில் வருவதே நின்றுவிட்டது. அதைப் பற்றி மற்றவர்கள் கவலைப்பட்ட அளவுக்கு அவள் கவலைப்படவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஊருக்கு அந்த டெலிபோன் ஒரு வேடிக்கை. வேதாவுக்கு அது உயிர். காரணம், அவள் அண்ணி திரௌபதி. டெலிபோன் வருவதற்கு முந்தின வருஷம் திரௌபதிக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. கொட்டுகிற மழையில் மாட்டு வண்டி கட்டி டவுனுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் கை மீறிவிட்டது. தாய் பிழைத்தாள், பெண் குழந்தை பிழைக்கவில்லை. "ஒரு போன் இருந்திருந்தா வேனை அனுப்பியிருப்போமே" என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொன்னது வேதாவின் காதில் அப்படியே தங்கிவிட்டது. இப்போது திரௌபதி மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து லைன் இன்ஸ்பெக்டர் ராமகிருஷ்ணன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து வேதா தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மானியம்னா சும்மா வெச்சு அழகு பாக்கறதுக்கா குடுக்கறாங்க? வருஷத்துக்கு இவ்வளோ கால்னு இருக்குது. உங்க ஊர்ல ரொம்பக் கம்மி. மார்ச்சுக்குள்ள சரி பண்ணலேன்னா கழட்டி வேற ஊருக்குக் குடுத்துடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"பேசறதுக்கு ஆளே இல்லேன்னா எப்பிடி சார் கால் வரும்?"

"பேசணும்னு யாரு சொன்னா? புக் பண்ணா கால்தான்."

மனுஷர் யதார்த்தமாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வார்த்தையை வேதா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் பி.பி. கால் என்று ஒன்று இருந்தது. இன்ன நம்பரில் இன்னாரோடுதான் பேச வேண்டும் என்று பேர் சொல்லிப் புக் செய்வது. அந்த ஆள் வந்து பேசினால் முழுக் கட்டணம். அந்த ஆள் அங்கே இல்லையென்றால் பேருக்கு ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். ஆனால் கால் என்னவோ கால்தான். ஆகவே இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் போதும், செலவும் கம்மி, கணக்கும் ஏறும். வேதா யோசனை சொன்னாள். அருணகிரி தலையாட்டினான்.

எங்கே கூப்பிடுவது? தேரடி வீதிக்குப் பின்னால் இருந்த ராஜமாணிக்கம் மண்டிக்கு. ஊர்க்காரர்கள் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை போடுகிற இடம் அது. மண்டி கணக்கர் வேணு நல்ல மாதிரி, விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். முதலில் உயிரோடு இருக்கிற ஆட்களின் பேரைத்தான் சொன்னார்கள். அதில் ஒரு கூத்து நடந்தது. அப்பாசாமி மண்டிப் பக்கமே போகாதவர் என்று நம்பி அவர் பேரில் ஒரு கால் போட, அன்றைக்கென்று பார்த்து அவர் பழைய பாக்கி கேட்க மண்டிக்குப் போயிருந்தார். போன் என்றாலே சாவுச் செய்தி என்று இருந்த காலம். "அப்பாசாமிக்குப் போன்" என்றதும் மனிதர் ரிசீவரைத் தொடாமலே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவரைத் தேற்றி பஸ் ஏற்றுவதற்குள் வேணுவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இனிமே இந்த வம்பே வேணாம்," என்றான் அருணகிரி. "செத்துப் போனவங்க பேரைப் போட்டுடலாம். அவங்க எங்கே வந்து போனை எடுக்கப் போறாங்க?"

யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தெரியாதது மட்டுமா, ஊரில் அது ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. "சகாதேவனைக் கூப்பிட்டியே, எங்க மாமனாரு மட்டும் மட்டமா?" என்று பெண்கள் அருணகிரியிடம் சண்டைக்கு வந்தார்கள். எத்தனையோ வருஷமாக யார் வாயிலும் வராத பேர்கள் கம்பியில் ஏறித் திருவண்ணாமலைக்குப் போயின.

"மண்டிங்களா? கீழ்நொச்சிப்பட்டிலேருந்து பி.பி. சடையன் இருக்காரா?"

"இல்லைங்கம்மா."

"தங்கம்மாள்?"

"அவங்களும் வரலைங்க. சாமி, எல்லாரும் ஒரே நாள்ல வந்துடாம இருந்தா சரி," என்று வேணு சிரிப்பான். வேதாவும் சிரிப்பாள். மார்ச் நெருங்க நெருங்க கணக்கும் ஏறிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் ஊர் ஷட்டர் விழுந்தது. பேசியது அருணகிரி இல்லை, திரௌபதி.

"வேதா, உங்க அண்ணன் கொல்லைக்குப் போயிருக்காரு. நான் ஒரு கால் போடட்டுமா?"

"போடுங்க அண்ணி. யார் பேருக்கு?"

திரௌபதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பூங்காவனம்."

"நம்ம ஊர்ல யாரு அண்ணி பூங்காவனம்?"

"நான் வெச்ச பேரு. வயித்துல இருக்கும்போதே வெச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

வேதா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? மண்டிக்குப் போட்டுக் கேட்டாள். இல்லை என்றான் வேணு. அதைத் திரௌபதியிடம் சொன்னபோது, "இல்லைன்னே இருக்கட்டும் வேதா. ஒரு தடவையாவது அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களே, அது போதும்," என்றாள் அண்ணி. அன்று வேதா சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே அது ஆரம்பித்தது. நல்ல வெயில் நேரம். அருணகிரி சடையன் பேருக்கு ஒரு கால் கேட்டான். வேதா மண்டிக்கு ஒயரைச் சொருகினாள். மணி அடித்ததும் யாரோ எடுத்தார்கள்.

"சடையன் இருக்காரா?"

"இருக்காரு. இரும்மா, வராரு."

வேணுவின் குரலாக இல்லை. வேதா பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் மூட்டை இழுக்கிற மாதிரி சரசரவென்று ஒரு சத்தம். யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்கள். வேதாவுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரிந்த நடை அது. பாம்பு தீண்டி ஒரு கால் விளங்காமல் போன சடையன் உயிரோடு இருந்தவரை அப்படித்தான் ஊரைச் சுற்றி வருவார். ரிசீவருக்குப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு வந்தது. வேதா ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

மறுநாள் முதல் வேலையாக வேணுவைக் கேட்டாள்.

"நேத்தா? நேத்து அமாவாசைம்மா. எங்க மண்டி அமாவாசைக்குத் திறக்கறதில்லையே. சாவி என் இடுப்புலதான் இருந்துது."

லைன் மாறிப் போயிருக்கும் என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் இனிமேல் இறந்தவர் பேர் வேண்டாம் என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அதற்குள் கணக்கும் தேறிவிட்டது. டெலிபோன் தங்கும் என்று ராமகிருஷ்ணன் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் எக்ஸ்சேஞ்சில் மூச்சுவிட நேரமில்லை. பக்கத்து போர்டில் இருந்த சீனியர் ஜோதியம்மாளும் வேதாவும் மாறி மாறிச் சொருகிக்கொண்டிருந்தார்கள். மண்டியின் ஷட்டர் விழுந்தது. ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"கீழ்நொச்சிப்பட்டுக்குப் போடும்மா. சக்கரவர்த்தியைக் கூப்பிடணும்."

"யார் பேசறீங்க?"

"அவன் அக்கா."

இருந்த அவசரத்தில் வேதா யோசிக்கவில்லை. போட்டாள். அருணகிரி ஆள் விட்டு, வயலில் இருந்த சக்கரவர்த்தியைக் கூட்டி வந்தான். லைன் சரியாக இருக்கிறதா என்று வேதா ஒரு நிமிஷம் காது கொடுத்தாள்.

"மல்லாட்டை புடுங்கியாச்சாடா? தனியா கெடக்கறேன். வந்துடேன்டா தம்பி."

"சரிக்கா. வரேன்க்கா."

சக்கரவர்த்தி திருவிழாவுக்குக் கிளம்புகிறவன் மாதிரி முகம் மலர்ந்து போனானாம். நேரே பம்ப் செட்டுக்குப் போய்த் துண்டை விரித்துப் படுத்தான். சாயங்காலம் எழுப்பப் போனவர்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். திடமான ஆள், ஒரு தலைவலி கூட வந்ததில்லை. அவனுக்கு ஒரே அக்கா, தங்கம்மாள். அவள் செத்துப் பல வருஷம் ஆகிறது.

"நாமதான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டோம்," என்றான் அருணகிரி. போனிலேயே நாளைக் கணக்குப் போட்டான். "அன்னிக்கும் அமாவாசை, இன்னிக்கும் அமாவாசை. வேதா, கூப்பிட்டா மரியாதைக்குத் திரும்பக் கூப்பிடுவாங்க இல்ல?"

கூப்பிட்டது மண்டிக்கு, ஆகவே வந்தவர்கள் மண்டிக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று வேதாவுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. யார் யாரைக் கூப்பிட்டோம் என்று ஒவ்வொரு பேராக நினைத்துக்கொண்டே வந்தவள் பூங்காவனத்தில் வந்து நின்றுவிட்டாள். அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அடுத்த அமாவாசைக்கு மாதவன் என்கிற புது ஆபரேட்டரின் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவளே போர்டில் உட்கார்ந்தாள். மண்டியின் ஷட்டர் விழுந்தால் எடுக்கவே கூடாது என்று முடிவு. மத்தியானம் ஊர் ஷட்டர் விழுந்தது.

"வேதா, அண்ணிக்கு வலி எடுத்துடுச்சு! வேனை அனுப்பச் சொல்லு!"

ஆஸ்பத்திரிக்கு ஒயரைச் சொருகி அண்ணனைப் பேசச் சொன்னாள். இரண்டு பக்கமும் 'ஹலோ ஹலோ' என்று கத்தினார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. நடுவில் ஒரு குழந்தைக் குரல் மட்டும் கேட்டது.

"அம்மா... அம்மா இருக்காங்களா?"

மண்டியின் ஷட்டர் விழுந்து கிடந்தது. வேதா ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். மறுபடியும் அதே குரல். மூன்றாவது தடவை அந்தக் குரல் ஊர்ப் பக்கமே போய்விட்டது. "யாரோ கொழந்தை திரௌபதிகிட்டப் பேசணும்குது வேதா, அவ எழுந்து வராளே!" என்று அருணகிரி பதறினான்.

இனி வழி இல்லை. வேதா மண்டியின் ஒயரைத் தன் ஹெட்செட்டுக்கு மாற்றிக்கொண்டாள். ஊர், ஆஸ்பத்திரி ஒயர் இரண்டையும் ஜோதியம்மாளிடம் தள்ளினாள். "அக்கா, இதை நீங்க பாருங்க. எங்க அண்ணி. கெஞ்சிக் கேக்கறேன்."

பிறகு மைக்கைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு பேசினாள்.

"பூங்காவனம். அம்மா இல்லடா கண்ணு. அத்தை பேசறேன்."

அந்தப் பக்கம் குழந்தைக்குப் பின்னால் நிறைய பேர் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு இருமல். ஒரு கிழவி, "கொழந்தை பேசட்டும், விடுங்கடி," என்றாள்.

"அத்தைன்னா யாரு?"

"உங்கப்பாவோட தங்கச்சி."

"அம்மா ஏன் அழறாங்க? எனக்கு இங்கே கேக்குது."

வேதா பேசிக்கொண்டே இருந்தாள். மலையைப் பற்றிச் சொன்னாள். தீபத்தன்று கிரிவலப் பாதையில் விற்கிற ஊதலைப் பற்றி, கோயில் யானை வாழைப்பழம் வாங்குவதைப் பற்றிச் சொன்னாள். பயத்தில் முதுகெல்லாம் வேர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஜோதியம்மாள் வேன் கிளம்பிவிட்டது என்று கை காட்டினாள். வெகுநேரம் கழித்து, வேன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததாகவும், தாயும் பிள்ளையும் சுகம் என்றும் சேதி வந்தது.

"அத்தை, நீ வரியா?" என்றது குழந்தை.

"இன்னிக்கு இல்ல கண்ணு. அடுத்த அமாவாசைக்குக் கூப்பிடு. அத்தை இங்கேயே இருப்பேன். அம்மாவைக் கூப்பிடக் கூடாது, சரியா?"

"சரி," என்று உடனே ஒத்துக்கொண்டது. நல்ல பிள்ளை.

அதற்கப்புறம் ஏழு வருஷம், ஒரு அமாவாசை தவறாமல் வேதா போர்டில் இருந்தாள். காய்ச்சலோடு வந்திருக்கிறாள், மாற்றல் உத்தரவை நிறுத்தச் சொல்லி மன்றாடியிருக்கிறாள். முதலில் பயந்துகொண்டுதான் எடுத்தாள். எப்போது பயம் போனது என்று அவளுக்கே தெரியாது. குழந்தையின் மழலை போய்ப் பேச்சு திருந்தியது. எண்ணக் கற்றுக்கொண்டது, நம்பர்கள் கற்றுக்கொண்டது. விடுகதை போட்டது. ஒத்தவாடைத் தெரு அறையில் அவளை இன்னொரு ஜீவன் தேடியதில்லை. மாதத்துக்கு ஒரு நாள் தன்னைத் தேடி மணி அடிக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் தனக்குள் ஒளிக்கவில்லை.

அண்ணியிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. சொன்னால் திரௌபதி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்து ரிசீவரை எடுப்பாள். கூப்பிட்ட இடத்துக்குப் போய்விடுவாள். அவள் மடியில் இப்போது ஒரு பையன் வளர்ந்துகொண்டிருந்தான்.

எண்பத்தெட்டில் எக்ஸ்சேஞ்சை ஆட்டோமேட்டிக் ஆக்கினார்கள். கிராமத்துக்கு மறுபடி மானியம் வந்தது. கைப்பிடிப் பெட்டி போய், எண் சுழற்றுகிற புதுப் பெட்டி வந்தது. இனி நடுவில் ஆபரேட்டர் தேவையில்லை, நம்பர் போட்டால் நேராக அந்த வீட்டில் மணி அடிக்கும். ஊரில் மறுபடி தேங்காய் உடைத்தார்கள். அந்தப் போனை வேண்டாமென்று சொல்லலாமா? பாம்புக் கடிக்கும் பிரசவத்துக்கும் அதை நம்பியே இருந்த ஊர் அது, அடிக்க வந்துவிடும்.

பழைய போர்டுக்குக் கடைசி நாள் ஒரு அமாவாசையில் அமைந்தது. மண்டியின் ஷட்டர் விழுந்தது.

"கண்ணு, நாளையிலேருந்து அத்தை இங்கே இருக்க மாட்டேன்."

"தெரியும் அத்தை. பரவால்ல. அம்மா வீட்டு நம்பர் எனக்குத் தெரியும். நானே போட்டுக்கறேன்."

வேதாவின் கை ஒயரை இறுகப் பிடித்தது. ஜோதியம்மாள் தன் பக்கத்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கே போடாத பூங்காவனம். தம்பி சின்னவன். அவனுக்கு அம்மா வேணும்."

"எனக்கு?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஏழு வருஷம் காத்திருந்தோம் என்று வேதாவுக்குத் தோன்றியது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"உனக்கு நான் இருக்கேன். அத்தை போதுமா?"

பின்னாலிருந்த இருமலும் முணுமுணுப்பும் நின்றன.

"நெசமா வருவியா?"

"இப்பவே வரேன்."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

"எங்கேடி கிளம்பிட்டே?" என்றாள் ஜோதியம்மாள்.

"ராஜமாணிக்கம் மண்டி வரைக்கும்."

"அமாவாசையாச்சே, பூட்டியிருக்குமே."

"எனக்குத் திறப்பாங்கக்கா."

தேரடி வீதியில் வெயில் கொளுத்தியது. சந்திரம்மாள் வளையல் கடையில் வேதா நின்றாள். சிவப்புக் கண்ணாடி வளையலாகக் கேட்டாள்.

"கொழந்தைக்கு எத்தினி வயசும்மா?"

"ஒம்பது," என்றாள் யோசிக்காமல்.

சந்திரம்மாள் ஒரு டஜனை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். "அளவு பத்தலேன்னா கொழந்தையைக் கூட்டிக்கினு வாம்மா. மாத்திக் குடுக்கறேன்."

"மாத்தறதுக்கு என்னால வர முடியாதுங்க," என்றாள் வேதா. "வளர்ற பொண்ணு. கொஞ்சம் பெரிசாவே குடுங்க."

பெரிய அளவில் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு மண்டித் தெருவுக்குள் திரும்பினாள்.